கொழும்பு பக்கம், சென்னை தூரம்!

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறார் ஒரு தோழர். பஸ் நிலையத்துக்கு எதிரே, தேநீர்க் கடைப் பெஞ்சில் எழுந்த வாதமாம் அது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஆகாய விமானம் எவ்வளவு நேரத்தில் போகும்? அரை மணி என்றாராம் ஒருவர். இல்லை, ஒன்றேகால் மணி என்றாராம் இன்னொருவர். மூன்றாமவர், துபாயிலே வெல்டர் வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்திருப்பவர், “விமானத்தில் ஏறி வந்த எனக்கு ஊர் வந்து சேர ஒரு பகலும் ஓர் இரவும் ஆயிற்று” என்று சொல்லிவிட்டு, தேநீரைக் கையில் எடுத்துக் கொண்டாராம். மூவரில் யார் சொல்வது சரி என்று நம்மைக் கேட்கிறார் தோழர்.

மூவர் சொல்வதும் சரி. அதுதான் வேடிக்கை, வேடிக்கைக்குள்ளே இருக்கிறது வேதனை.

முதலில் அரை மணிக்காரரைப் பார்ப்போம். மதுரை விமான நிலையத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 420 கிலோமீட்டர். பழைய கணக்கில் 260 மைல். ரயில் பாதையில் போனால் 490 கிலோமீட்டருக்கு மேல். ஜெட் விமானம் உயரத்திலே பறக்கும்போது மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் போகும். 420-ஐ 800-ஆல் வகுத்தால் அரை மணிதான். பள்ளிக்கூடத்துக் கணக்கு, பிழை சொல்ல முடியாது.

ஆனால் விமானம் பள்ளிக்கூடத்துக் கணக்கின்படி பறப்பதில்லை. நின்ற இடத்திலிருந்து ஊர்ந்து ஓடுபாதையின் முனைக்குப் போக வேண்டும். ஏற வேண்டும், ஏறும்போது முழு வேகம் வராது. முழு வேகம் வந்த சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். சென்னையிலே முன்னால் வந்த விமானங்கள் வரிசையில் இருந்தால் வானத்திலே வட்டமிட வேண்டும். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அதற்கு எதிர்முகமாக இறங்க, சுற்றிக்கொண்டு வர வேண்டும். இத்தனையும் சேர்த்து, தாமதம் வந்தாலும் ‘சரியான நேரத்துக்கு வந்தோம்’ என்று சொல்லிக்கொள்ள இன்னும் சில நிமிடம் கூட்டி, அட்டவணையில் ஒரு மணி பத்து நிமிடம் என்றோ ஒன்றேகால் மணி என்றோ போடுகிறார்கள். விசிறி சுழலும் சிறிய விமானமானால் இன்னும் சற்று அதிகம். ஆகவே ஒன்றேகால் மணிக்காரர் சொன்னதும் சரி.

அட்டவணையோடு முடிந்ததா? திருமங்கலத்துக்காரர் விமான நிலையம் போக வேண்டும். தூரம் அதிகமில்லை, இருபது கிலோமீட்டருக்குள். கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டி — அந்தச் சாவடியை எடுத்துவிடக் கேட்டு 2024 ஜூலையிலும் ஊரே வீதிக்கு வந்து போராடிற்று, அது தனிக் கதை — சுற்றுச்சாலையில் திரும்பினால் முக்கால் மணியில் போய்விடலாம். அங்கே ஒன்றரை, இரண்டு மணி முன்னதாக நிற்க வேண்டும். பறந்து இறங்கியபின், பெட்டி வர அரை மணி. மீனம்பாக்கத்திலிருந்து வடசென்னைக்குப் போக ஒன்றரை மணி. கூட்டிப் பாருங்கள், ஐந்து மணியைத் தாண்டுகிறது. 2023 செப்டம்பர் 24-இல் ஓடத் தொடங்கிய திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் ரயில், மதுரையிலிருந்து எழும்பூருக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 1977 ஆகஸ்ட் 15-இல் மீட்டர் பாதையில் புறப்பட்டதே வைகை எக்ஸ்பிரஸ், அதுவே அந்தக் காலத்தில் ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் எடுத்துக்கொண்டது. எனவே சென்னைக்குப் பறப்பதால் சாமான்யனுக்கு மிச்சமாவது ஒரு மணி நேரம். கொடுப்பதோ பல மடங்கு பணம். அவசரம் உள்ளவர் பறக்கட்டும். நமக்கு அதிலே பொறாமை இல்லை. வந்தே பாரத் திருமங்கலத்தில் நிற்காமல் ஓடுகிறதே என்ற வருத்தம்தான் உண்டு.

மூன்றாமவருக்கு வருவோம். துபாய்க்காரர் கதை, கணக்குப் புத்தகத்திலே அடங்காத கதை.

வீட்டிலே பிள்ளையின் பூகோளப் புத்தகம் இருந்தால், தோழர்களே, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து கொழும்பு விமான நிலையமாகிய கட்டுநாயக்காவுக்கு நேர்கோட்டில் எவ்வளவு? ஏறத்தாழ 355 கிலோமீட்டர். சென்னைக்கு 420. ஆம்! மதுரைக்காரனுக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். டில்லியோ 2,080 கிலோமீட்டருக்கு அப்பால். மதுரைக்கு எந்த விமானம் வரலாம் என்று தீர்மானிக்கிறவர்கள் அந்த 2,080 கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நெஞ்சிலே குறித்துக்கொண்டு மேலே போவோம்.

மதுரையிலிருந்து துபாய் எவ்வளவு? ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். சென்னையிலிருந்து துபாய்? ஏறத்தாழ 2,930. வேற்றுமை இருபது கிலோமீட்டருக்குள். திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் உள்ள தூரம்! இந்த இருபது கிலோமீட்டரை மிச்சம் பிடிக்கவா நம் வெல்டர் இரவு முழுவதும் பஸ்ஸிலே குலுங்கி, 450 கிலோமீட்டருக்கு மேல் வடகிழக்கே போய், மீனம்பாக்கத்தில் மூன்று மணி நேரம் பெட்டியின்மேல் உட்கார்ந்து, பிறகு வடமேற்கே பறக்கிறார்? சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து ஏறத்தாழ 3,020 கிலோமீட்டர், சென்னையிலிருந்து 2,930. வேற்றுமை தொண்ணூறு கிலோமீட்டர், விமானத்துக்கு ஏழு நிமிட வேலை. ஏழு நிமிடத்துக்காக ஓர் இரவு!

மதுரையிலிருந்து நேரே பறந்தால் துபாய்க்கும் நாலு மணி, சிங்கப்பூருக்கும் நாலு மணி. (புதிதாகப் போகும் தோழர்களுக்கு இடையிலே ஒரு சொல்: டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணிதான் அச்சாகி இருக்கும். இங்கே பகல் 12 மணிக்குப் புறப்பட்டால் துபாயில் இரண்டரைக்கு இறங்குவதாகப் போட்டிருக்கும்; சிங்கப்பூரானால் மாலை ஆறரை. ஒன்றரை மணி பின்னே அவர்கள், இரண்டரை மணி முன்னே இவர்கள். பறக்கும் நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். இதைப் பார்த்துக் குழம்பி, ‘சிங்கப்பூர் வெகுதூரம்’ என்று சொல்பவர் உண்டு.)

நேரே போக முடியாதா என்றால், முடியாதது அல்ல. 1942-இல், உலகப் போரின்போது, ஆங்கிலேயரின் போர் விமானங்கள் இறங்குவதற்கென்று பயன்பட்ட இடம் அது. 2010 செப்டம்பரில் புது நிலையக் கட்டடம் திறந்தார்கள். 2012 செப்டம்பர் 20-இல் கொழும்புக்கு முதல் அயல்நாட்டு விமானம் புறப்பட்டது. துபாய்க்குப் பறந்தது, சிங்கப்பூருக்குப் பறந்தது, 2025 ஜூனில் அபுதாபிக்குத் தொடங்கினார்கள். இலங்கை விமானமும் வந்துபோகிறது. அவ்வளவும் உண்மை. ஆனால் வாரத்திலே எத்தனை நாள், எத்தனை இருக்கை, எந்த மாதம் ஓடும், எந்த மாதம் நிறுத்துவார்கள் — இதெல்லாம் விமானக் கம்பெனியின் விருப்பம். பக்கத்திலே திருச்சியைப் பாருங்கள்! சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அந்நாட்டு விமானங்களே தேடி வந்து இறங்குகின்றன. நேர்கோட்டில் 125 கிலோமீட்டர்கூட இல்லை இரண்டு ஊருக்கும். அங்கே மழை, இங்கே வெயில்! ஏன்?

ஓடுபாதை குட்டை, அதனால்தான் என்கிறார்கள். இதைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மதுரையின் ஓடுபாதை 7,500 அடி, மீட்டரில் 2,286. சித்திரை வெயிலில் நம் சமவெளி கொதிக்கும்போது காற்று இளகிப் போகும். இளகிய காற்றில் இறக்கைக்குத் தாங்கும் வலுக் குறையும், எஞ்சினுக்கும் வலுக் குறையும். ஆகவே விமானம் நெடுந்தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். பெருவயிற்று விமானம், நிறைய எண்ணெயும் நிறைய ஆளும் ஏற்றிக்கொண்டு எழ, அந்த நீளம் போதாது. இது பொய்யல்ல. ஆனால் நாலு மணி நேரப் பயணத்துக்குப் பெருவயிற்று விமானம் எதற்கு? நடுத்தர விமானம் போதும். அது இதே ஓடுபாதையில் எழும்பித் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்க் காட்டியிருக்கிறதே! இன்னொன்று: திருச்சியின் ஓடுபாதை எவ்வளவு? 8,136 அடி. அறுநூற்றுச் சொச்சம் அடிதான் கூடுதல். அறுநூறு அடியா அந்த ஊரைக் கடல் கடக்க வைத்தது, இந்த ஊரைக் கரையில் நிறுத்தியது?

இல்லை, தோழர்களே. குட்டையாக இருப்பது ஓடுபாதை மட்டுமல்ல, டில்லியின் பார்வையும்தான்.

உலகத்து வானம் பொதுச் சொத்து அல்ல. 1944 டிசம்பரில் சிகாகோ நகரில் கூடிய நாடுகள், ஒவ்வொரு நாட்டின் மேலே உள்ள வானமும் அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்று எழுதிக் கையெழுத்திட்டன. அதன்பின், எந்த நாட்டு விமானம் எந்த நாட்டில் எந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை விற்கலாம் என்பதெல்லாம் இரண்டிரண்டு அரசுகள் உட்கார்ந்து செய்துகொள்ளும் ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் ஊரின் பெயர் இருந்தால் அயல்நாட்டு விமானம் இறங்கலாம். இல்லாவிட்டால், ஓடுபாதை பத்து மைல் நீளம் இருந்தாலும் இறங்க முடியாது. துபாய்க்கு மட்டும் 2014-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் வாரம் ஏறத்தாழ 65 ஆயிரம் இருக்கை. அத்தனையும் பம்பாய், டில்லி, கொச்சி, சென்னை என்று பங்கு போய்விட்டது.

தென்கிழக்காசிய நாடுகளின் விமானங்களுக்கு மட்டும், தாராளமாக இறங்கிக்கொள்ளுங்கள் என்று பதினெட்டு ஊர்களைத் திறந்துவிட்டது டில்லி. சுற்றுலாத் தலங்களாம் அவை. கயா உண்டு. கஜுராஹோ உண்டு. பாட்னா உண்டு, லக்னோ உண்டு, கௌஹாத்தி உண்டு. நம் திருச்சியும் உண்டு, மகிழ்ச்சி. மதுரை? இல்லை! நான்மாடக்கூடல் சுற்றுலாத் தலம் அல்லவாம். கஜுராஹோ சுற்றுலாத் தலமாம்! சித்திரைத் திருவிழாவுக்குப் பல லட்சம் பேர் கூடுகிற ஊரை மறந்துவிட்டு யார் எழுதினார் இந்தப் பட்டியலை? கோயிலுக்குப் போவதும் போகாததும் அவரவர் உரிமை. நாம் பேசுவது பட்டியல் போட்டவரின் நேர்மையைப் பற்றி.

2012 அக்டோபரில் ஐந்து நிலையங்களுக்குப் பன்னாட்டு நிலையம் என்ற தகுதி வழங்கினார்கள். லக்னோ, வாரணாசி, மங்களூர், திருச்சி, கோவை. அந்த ஐந்திலும் மதுரை இல்லை. 2020 ஜூனில் உத்தரப் பிரதேசத்துக் குசிநகருக்கு அதே தகுதி. விமானம் ஒன்றும் இறங்கத் தொடங்காத நிலையிலே, முன்கூட்டியே மாலை சூட்டினார்கள்! 2021 அக்டோபரில் திறப்பு விழா நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு விமானம் விழாவுக்கு வந்தது. அதற்குப்பின் அந்த ஊரில் அயல்நாட்டு விமானத்தைப் பார்ப்பது அரிதாகிப் போயிற்று.

இந்தக் குசிநகர் கதையிலிருந்து நம் தோழர்களும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ‘பன்னாட்டு’ என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் மறுநாள் விமானங்கள் வரிசை கட்டி வரும் என்று மேடையிலே சிலர் முழங்குகிறார்கள். வராது. கேட்க வேண்டியது பலகை அல்ல. ஒப்பந்தங்களில் மதுரையின் பெயர். அதைக் கேளுங்கள், அழுத்திக் கேளுங்கள்.

கேட்டால் டில்லி சொல்லும் பதிலையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். அயல்நாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டால், அவர்கள் நம் ஆட்களை அள்ளிக்கொண்டு தங்கள் ஊர் வழியாக உலகமெங்கும் கொண்டுபோவார்கள். நம் நாட்டு விமானக் கம்பெனியும், அதில் வேலை பார்ப்பவரும் நசிந்துபோவார்கள் என்பது அவர்கள் வாதம். தொழிலாளர் இயக்கத்தில் வளர்ந்த நாம் இதைத் தள்ளிவிட மாட்டோம், நியாயம் இருக்கிறது. ஆனால் நம் நாட்டுக் கம்பெனி மதுரையிலிருந்து நாள்தோறும் பறந்தால் அல்லவா அந்த நியாயம் நியாயம்? தானும் நகராமல், பின்னால் வரும் வண்டிக்கும் வழிவிடாமல், நடுச்சாலையில் படுத்திருக்கும் மாட்டுக்குப் பாதுகாப்பு என்று பெயரிட்டால் எப்படி?

‘மதுரையில் அத்தனை பிரயாணிகள் இல்லை’ என்று இன்னொரு பதில். இருந்தும் இல்லாமல் போன கதை இது! திருமங்கலத்துக்காரன் திருச்சியில் ஏறினால் திருச்சிக் கணக்கு. கள்ளிக்குடிக்காரன் திருவனந்தபுரத்தில் ஏறினால் கேரளக் கணக்கு. உசிலம்பட்டிக்காரன் மீனம்பாக்கத்தில் ஏறினால் சென்னைக் கணக்கு. விமானம் விடாததால் வேற்றூர் போனவனை, வேற்றூரில் எண்ணிவிட்டு, ‘உன் ஊரில் ஆளில்லை, ஆகவே விமானமில்லை’ என்கிறார்கள்.

இதிலே மாநில அரசு என்ன செய்ய முடியும்? அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, முதல் பட்டியல், 29-ஆம் எண்ணைப் புரட்டுங்கள். விமானம், வான்வழி, விமான நிலையம், எல்லாம் டில்லிக்கே. மாநிலத்துக்கு உள்ள வேலை ஒன்றே ஒன்று: நிலம் எடுத்துக் கொடு! ஊராரின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொள்! விமானம் எங்கே இறங்கும் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்! 1969-இல் இராஜமன்னார் குழு அமைக்கப்பட்டதும், 1971-இல் அது அறிக்கை தந்ததும் வெறும் ஏட்டுச் சுரைக்காய்க்கு அல்ல என்பது இப்போது புரிகிறதா? மாநில சுயாட்சி என்பது மேடைக்கு மட்டும் உரிய சொல் அல்ல. திருமங்கலத்து வெல்டரின் ஓர் இரவுத் தூக்கம் அதிலே இருக்கிறது.

நிலம் என்றதும் நெஞ்சில் உறுத்துகிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓடுபாதையை 12,500 அடியாக நீட்ட வேண்டும் என்பது நெடுநாள் திட்டம். குறுக்கே கிடக்கிறது சுற்றுச்சாலை. சாலையை அடியிலே புகுத்துவதா, சுற்றிக்கொண்டு போவதா என்ற பேச்சிலேயே பல ஆண்டு போயிற்று. பக்கத்திலே சின்ன உடைப்பு. 2024 நவம்பரில் அந்த ஊர் மக்கள், எங்களுக்கு மாற்று இடம் சொல்லிவிட்டு எங்கள் வீட்டைக் கேளுங்கள் என்று வீதிக்கு வந்தார்கள். அவர்களும் நம்மவர்களே. விமானத்தில் ஏறியே இராத கிழவியின் வீட்டு வாசலில்தான் ஓடுபாதை நீள வேண்டும் என்றால், முதலில் அந்தக் கிழவிக்கு ஒரு வீடு எழ வேண்டும். பிறகு ஓடுபாதை நீளட்டும். வளர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்று அவர்களைப் பார்த்து மிரட்டுகிற குரல் எந்தக் கொடியின் கீழிருந்து வந்தாலும் நமக்கு உடன்பாடில்லை. தூத்துக்குடியில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக்கி, 2025 ஜூலை 26-இல் புதுக் கட்டடமும் திறந்தார்கள். வாகைக்குளத்தில் முடிந்தது. மதுரையில் இழுக்கிறது. இழுத்துப்போட்டது யார் என்றால், டில்லியிலும் உண்டு தவறு, இங்கே கோட்டையிலும் மாறி மாறி வந்த ஆட்சிகளில் உண்டு தாமதம். டில்லியை மட்டும் ஏசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் சின்ன உடைப்பில் வீடு எழாது.

ஒப்பிட்டுப் பார்க்கத் தோப்பூர் இருக்கவே இருக்கிறது. விமான நிலையம் போகும் வழியில் சற்றே திரும்பினால் வரும். 2019 ஜனவரி 27-இல் அகில இந்திய மருத்துவமனைக்கு அடிக்கல். கட்டட வேலை தொடங்கியது 2024-இல். மதுரைக்கு டில்லியிலிருந்து விமானம் மூன்று மணியில் வருகிறது. செங்கல் வர ஐந்தாண்டு!

மல்லிகைக்கு வருவோம். இதைச் சொல்லாமல் மதுரை நேரக் கணக்கு முடியாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கப்படுகிறது, இரவிலே விரிகிறது. அந்த இடைவெளிதான் அதன் விலை. நேர் விமானம் இருந்தால் சிங்கப்பூர்ச் சந்தையில் மொட்டாகவே இறங்கும். சென்னைக்கு லாரியில் போய், அங்கே காத்திருந்து பறந்தால், பெட்டிக்குள்ளேயே மலர்ந்து, வாடி, விலை போகாமல் நிற்கும். பனிக்கட்டி வைத்து அனுப்புகிறார்கள், வியாபாரி சமாளிக்கிறார். குறைந்த விலையின் பாரமோ, மொட்டுப் பறிக்கும் கூலிப் பெண்ணின் கையில்தான் வந்து விழுகிறது.

கடைசியாகக் கட்டணம். ஹவாய்ச் செருப்புப் போட்டவனும் ஆகாய விமானத்தில் ஏற வேண்டும் என்று பிரதமர் பேசினார். 2017 ஏப்ரலில் ‘உடான்’ திட்டத்தின் முதல் விமானத்தைத் தொடங்கி வைத்தார். ஒரு மணிப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்றார்கள். 2025 டிசம்பரில் என்ன நடந்தது? விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக வேண்டும், இரவில் இறங்கும் எண்ணிக்கை குறைய வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி, தூக்கமில்லாதவன் கையில் நூற்றெண்பது உயிரை ஒப்படைப்பதா? விதி வருவது முன்னமே தெரியும். தெரிந்தும், நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனியான இண்டிகோ போதிய விமானிகளை வைத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் விமானங்கள் நின்றன. மற்றக் கம்பெனிகளின் கட்டணம் வானத்துக்கு ஏறியது. மறுநாள் ஒன்றிய அரசு தூரக் கணக்கில் உச்சவரம்பு போட்டது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500-க்கு மேல் 18 ஆயிரம். ஆக, மதுரை–சென்னை 420 கிலோமீட்டருக்கு 7,500 வரை வாங்கலாம் என்று அரசே எழுதித் தந்தது. ஹவாய்ச் செருப்புக்காரன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ரயிலடிக்கு நடந்தான்.

தண்டனை யாருக்கு? விமானியின் ஓய்வுக்கு! புது விதியிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தார்கள். ஆள் எடுக்காத முதலாளிக்குச் சலுகை. அயர்ந்து போன தொழிலாளிக்கு, இன்னும் கொஞ்சம் கண்விழி என்று உத்தரவு. மில்லில் ‘ஓவர்டைம்’ பார்த்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விமானி வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார், ஆங்கிலம் பேசுகிறார், கை நிறையச் சம்பளம் வாங்குகிறார். ஆனாலும் எட்டு மணி வேலைக்கு நாம் போராடியது போல ஓய்வுக்கு அவரும் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர், உசிலம்பட்டித் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரிலிருந்து அயல்நாடு போயிருப்பவர் எத்தனை பேர், எந்த நாடு, எந்த விமான நிலையத்தில் ஏறினார், வீட்டு வாசலிலிருந்து விமான வாசலுக்கு எத்தனை மணி ஆயிற்று, பஸ்ஸுக்கும் காருக்கும் என்ன செலவு என்பதை ஊர்வாரியாக எழுதி, கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். பெயர் வேண்டாம்; எண்ணிக்கை போதும். மதுரையில் ஆளில்லை என்று டில்லி சொல்லும் அடுத்த நாள், நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்தத் தாளை மேசைமேல் வைக்கட்டும்.

தேநீர்க் கடைத் தோழருக்கு: வெல்டருக்கு விடுமுறை எப்போது முடிகிறது என்று விசாரித்து எழுதுங்கள். அவர் திரும்பிப் போக மதுரையிலிருந்து அந்த வாரம் நேர் விமானம் உண்டா என்று பார்த்துச் சொல்கிறோம்.